விறகாகாமல் தப்பிய ஜன்னல்கள்

காட்மாண்டுவுக்கு முதல் நல்ல ஹோட்டலைக் கொடுத்தது கல்கத்தாதான் என்று சொல்லலாம். போரிஸ் லிசானெவிச் ஒடெஸாவில் பிறந்த ரஷ்யர். தியாகிலெவின் பாலே குழுவில் ஆடியவர். நாடு நாடாகச் சுற்றிவிட்டு கல்கத்தாவுக்கு வந்து, 1936-இல் '300 கிளப்' தொடங்கினார். அங்கே நேபாள மன்னர் திரிபுவனோடு ஏற்பட்ட நட்பு அவரை 1950-களில் காட்மாண்டுவுக்கு இழுத்துப் போனது. நேபாளத்தை ஆண்டுவந்த ராணாக்களின் அரண்மனையான பகதூர் பவனில் ராயல் ஹோட்டலைத் திறந்தார். இந்தியா போட்டுக் கொடுத்த திரிபுவன் ராஜபாதை 1956-இல்தான் தயாரானது. அதற்கு முந்தைய காலத்தில் ராணாக்களின் மோட்டார் கார்களையே கூலியாட்கள் தோளில் சுமந்து மலை ஏற்றினார்கள். அப்படிப்பட்ட ஊரில் விருந்தினருக்கு வெந்நீரும் மேஜைச் சாப்பாடும் கொடுத்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராயல் ஹோட்டல் இப்போது இல்லை. பகதூர் பவன் பின்னாளில் தேர்தல் ஆணையத்துக்குப் போய்விட்டது.

நானும் மனைவியும் போய்த் தங்கியது துவாரிகாஸ் ஹோட்டலில். கல்கத்தாவில் நாங்கள் வசிக்கும் ஜாதவ்பூரில் எங்கள் பக்கத்து மனிதர்கள் நேபாளம் என்றால் ஹவுராவில் மிதிலா எக்ஸ்பிரஸ் பிடித்து, ரக்சோலில் இறங்கி, எல்லை தாண்டி பஸ் ஏறுவார்கள். தர்மசாலையில் தங்கி பசுபதிநாதரைத் தரிசித்துத் திரும்புவார்கள். நாங்களும் ஒருமுறை அப்படிப் போனவர்கள்தான். இந்த முறை அந்த ஹோட்டலுக்காகவே போனோம்.

பசுபதிநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி பத்தீஸ்புத்தலியில், வாகன இரைச்சல் மிகுந்த தெருவில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் செங்கல் பாவிய முற்றம். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் செதுக்கிய மர ஜன்னல்கள். எங்கள் அறையில் இருந்தது காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் தச்சர்களின் சல்லடை ஜன்னல். விரற்கடை அகல மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்கும் கோத்துச் செய்வது. ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு உட்கார்ந்துகொள்கிறது. உள்ளிருந்து பார்த்தால் முற்றத்தில் நடப்பது எல்லாம் தெரியும். வெளியிலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. காலை வெயில் அதன் வழியாக வந்து கட்டில் விரிப்பில் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்தது. கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். பெரும்பாலான துண்டுகள் எண்ணெய் ஏறிக் கறுத்து, விளிம்பு மழுங்கி இருந்தன. நடுவே மூன்று மட்டும் கொஞ்சம் வெளுத்து, விளிம்பு கூர்மையாக இருந்தன. புதிதாகச் சேர்த்தவை. பழசோடு பழசாக ஏமாற்றும் சாயப்பூச்சு அவற்றில் இல்லை. அந்த நேர்மையிலேயே எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

இதற்கெல்லாம் தொடக்கம் 1952. துவாரிகா தாஸ் ஷ்ரேஷ்டா என்பவர் வழியில் ஒரு பழைய மாளிகையை இடிப்பதைப் பார்த்தார். தச்சர்கள் ஒரு தூணில் செதுக்கிய பகுதியை அறுத்து எறிந்துவிட்டு, வழவழப்பான பகுதியை மட்டும் எடுத்து வைத்தார்கள். அறுத்து எறிந்தது அடுப்புக்கு. அவர் புது மரம் வாங்கித் தந்து, அந்தச் செதுக்கலைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அதன்பின் எங்கே வீடு இடித்தாலும் இதே வேலை. கதவு, ஜன்னல், உத்தரம் என்று வீட்டில் குவிந்தன. குவித்து வைத்தால் போதாது, பழுது பார்க்க வேண்டும். அதற்குத் தச்சனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்கு வழியாகத்தான் ஹோட்டல் வந்தது. அவருக்குப் பின் மனைவி அம்பிகா ஷ்ரேஷ்டா அதை நடத்தினார்.

ஹோட்டலின் பட்டறையில் நடுவயதுத் தச்சர் ஒருவர், பலகையைக் கால்விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாமரை ஒன்றைக் கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரத்துணியில் வரிசையாகச் சிற்றுளிகள். இந்தியில் பேச்சுக் கொடுத்தேன்; அண்ணா என்பதற்கு மட்டும் நேபாளிச் சொல். "தாஜு, பழைய பூவில் இதழ் உடைந்துபோயிருந்தால் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?" என்றேன். "எட்டு இதழில் ஒன்று போனால் மற்ற ஏழையும் பார்த்துச் செய்வேன். எட்டும் போயிருந்தால் தொட மாட்டேன்" என்றார். வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதலாம். எனக்கு நினைவில் நிற்பது அவலும், வறுத்த கறுப்பு சோயாவும், இஞ்சித் துண்டும்தான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவலைப் பார்த்ததும் மனைவிக்குத் தாமிரபரணிக் கரை ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் கேட்டாள்: "இத்தனை பணம் கொடுத்தால்தான் இந்த ஜன்னலைப் பார்க்கலாம்னா, இந்த ஊர்ப் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?" எங்கள் வீட்டு ஒரு மாதச் செலவை நெருங்கியது ஓர் இரவு வாடகை. பக்தபூரில் பூஜாரி மடத்தின் மயில் ஜன்னலைத் தெருவில் நின்று யாரும் பார்க்கலாமே என்றேன். அவள் சமாதானமாகவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஹோட்டல் பக்கம்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஜன்னல் தச்சனுக்கு மாதச் சம்பளம் தராது. 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் காட்மாண்டுவின் பழைய மண்டபமான காஷ்டமண்டபம் அடியோடு சரிந்தது. அதைப் பழைய முறையிலேயே மரமும் செங்கல்லுமாகத் திரும்ப எழுப்ப முடிந்ததென்றால், உளி பிடிக்கத் தெரிந்த கைகள் அந்தப் பள்ளத்தாக்கில் மிச்சமிருந்ததால்தான். இப்படிப்பட்ட பட்டறைகள் இல்லாமல் அந்தக் கைகள் எப்படி மிஞ்சியிருக்கும்?

நம் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கதையும் தெரிந்ததுதானே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், பங்காளிகள் பாகம் பிரித்து இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் நிலைகளும் விலைக்குக் கிடக்கும். செட்டிநாட்டில் சில வீடுகள் ஹோட்டலாக மாறியதால் நின்றன. சென்னைக்குத் தெற்கே தக்ஷிணசித்ராவில் சில வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவை தூண் தூணாகப் போய்ச் சேர்ந்த இடம் யாருக்கும் தெரியாது.

ஜாதவ்பூரில் அரண்மனை கிடையாது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், போர்க்கால ராணுவக் கொட்டகைகளில் குடியேறி உண்டாக்கிய பிஜோய்கட் போன்ற காலனிகள்தான் இங்கே அதிகம். தகரக் கூரையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து ஒரு மாடி எழுப்பினார்கள். சிவப்புத் தரை, பச்சைச் சட்டப்பலகை ஜன்னல், முன்னால் ஒரு திண்ணை. செதுக்கு வேலை எதுவும் இல்லாத அந்த ஜன்னல்கள் எனக்கு நேவார் ஜன்னல்களுக்குக் குறைந்தவையாகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் மறுபடி முதலில் செய்துகொண்ட ஜன்னல் அது. இப்போது அவற்றை இடித்து அடுக்குமாடி கட்ட ப்ரமோட்டர் வருகிறார். வீட்டுக்காரருக்கு இரண்டு ஃபிளாட், மீதி விற்பனைக்கு. பிள்ளைகள் பெங்களூரில் இருக்கும்போது வயதானவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எங்கள் சந்தின் முனையில் உள்ள வீடும் துர்கா பூஜா முடிந்ததும் இடிபடப் போகிறது. அந்த வீட்டில் இருக்கும் வயதான மாசிமாவிடம் காட்மாண்டு கதையை முழுக்கச் சொன்னேன். "ஜன்னலை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டார். எங்கள் ஃபிளாட்டின் பால்கனிக்கு இரண்டு போடலாம், எங்கள் பகுதிச் சங்கத்தின் படிப்பகத்துக்கு நான்கு போகும் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, புது ஃபிளாட்டில் தனக்கும் ஒன்று வேண்டும், பூஜை அறைக்கு என்றார். தச்சர் ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறார்.