பூ வயலில் ஒரு நீர்க் குழந்தை

மெக்ஸிகோ நகரத்தின் தென்கோடியில் ஸோச்சிமில்கோ என்று ஓர் இடம். பெயருக்கு அர்த்தமே 'பூ விளையும் வயல்' என்பதுதான். எங்கு பார்த்தாலும் கால்வாய். அதில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூ வரைந்த தட்டைப் படகுகள். நீளக் கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். ஒரு படகில் பாட்டுக் கோஷ்டி, பக்கத்துப் படகில் சுடச்சுட சோளக் கதிர்! ஞாயிற்றுக்கிழமையானால் நம் ஊர்த் தெப்பத் திருவிழா தோற்றுப் போகும்.

அந்தக் கூச்சலைத் தாண்டி உள்கால்வாய்க்குள் போனால் 'சினாம்பா' என்கிற தோட்டங்கள் வருகின்றன. ஆழமில்லாத ஏரியில் சேற்றையும் செடி கொடிகளையும் அடுக்கி, ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அந்த மக்கள் உண்டாக்கிய நிலம் இது. கரை சரியாமல் இருக்க ஓரமெல்லாம் வில்லோ மரங்கள். கால்வாய்ச் சேற்றை அள்ளிப் பரப்பி, பர்பி மாதிரி துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு விதை வைத்து நாற்று வளர்க்கிறார்கள். கீரை, முள்ளங்கி, துலுக்க சாமந்தி எல்லாம் விளைகிறது. (அந்தச் சாமந்திக்குப் பிறந்தகமே மெக்ஸிகோதான், தெரியுமோ?) 1987-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தக் கால்வாய்களின் சொந்தப் பிராணிதான் ஆக்ஸலாட்டல். சாண் நீளம், தலையின் இரு பக்கமும் மும்மூன்று இறகு போலச் செவுள்கள், எப்போதும் சிரிக்கிற மாதிரி வாய். தவளைக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் தலைப்பிரட்டைப் பருவத்தைத் தாண்டாமலே முட்டையும் இட்டு, ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடும். கால் போனால் புதுக் கால் முளைக்கும்! பொம்மைகளில் பார்க்கிற ரோஜா நிறம் தொட்டியில் வளர்ந்த வம்சம். கால்வாயில் இருப்பது சேற்று நிறம்.

ஒரு தோட்டத்து அம்மாள் தொட்டிகளில் சிலவற்றை வளர்த்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறாள். "எப்படிப் பார்த்துக்கறீங்க?" என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். "கால்வாய் எப்படி இருந்ததோ, தொட்டியும் அப்படி இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

முதலில் குளிர்ச்சி. இந்த ஊர் கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 16 முதல் 18 டிகிரி வரை இருப்பது உத்தமம். சூடேறினால் சாப்பாட்டை வெறுத்துவிடும், பூஞ்சை பிடிக்கும். குளோரின் நீக்காத குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. புது தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் தொட்டியையும் பழக்க வேண்டும். கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளரச் சில வாரமாவது பிடிக்கும். அதற்குப் பிறகே பிராணியை விடலாம். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும்.

அடியில் கூழாங்கல் போடக்கூடாது. இரையோடு சேர்த்து உறிஞ்சிவிடும், வயிறு அடைத்துக் கொள்ளும். கண்ணுக்கு இமை இல்லை. அதனால் பளீர் விளக்கு ஆகாது, ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டு வேண்டும். சாப்பாடு மண்புழு, பெரியதற்கு வாரம் இரண்டு, மூன்று முறை போதும். மீனோடு சேர்க்கக் கூடாது. கையில் எடுத்துக் கொஞ்சவும் கூடாது, தோல் அத்தனை மென்மை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

வீடியோ விளையாட்டில் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சென்னை வெயிலில் ராப்பகலாகத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் ஓடினால்தான் அது பிழைக்கும். அத்தனை வருஷமும் முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். உலகமெங்கும் தொட்டிகளில் பெருகிக் கிடக்கிற இது, பிறந்த வீட்டில் அருகிவிட்டது. 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது; 2014 கணக்கெடுப்பில் நாற்பதுக்கும் கீழே! சாக்கடை கலந்தது, சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டை, குஞ்சுகளைத் தின்றன.

இப்போது மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகத்தாரும் விவசாயிகளும் கூடி, சில கால்வாய்களின் வாயில் செடிகளால் வடிகட்டி அமைக்கிறார்கள். மீன் நுழையாது, தண்ணீரும் தெளியும். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்ஸலாட்டல்களைச் செப்பனிட்ட நீர்நிலைகளில் விட்டதில் அவை பிழைத்திருந்தன. மறுபடி பிடித்துப் பார்த்தவை எடையும் கூடியிருந்தன என்று 2025-ல் தெரிவித்தார்கள். கேட்கவே வயிறு குளிர்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குவெமான்கோ படகுத் துறையில் ஏறி, காலையிலேயே உள்கால்வாய்க்குப் போங்கள். சினாம்பாவில் விளைந்த கீரை ஒரு கட்டு வாங்குங்கள். தோட்டம் பிழைத்தால்தான் கால்வாய் பிழைக்கும்; கால்வாய் பிழைத்தால்தான் அந்தச் சிரிப்பும் பிழைக்கும்.