இடுக்கில் விழுந்த பட்டன் பாட்டரி

வெளியே பார்த்தால் கார் ஒரே தகடு மாதிரி தெரிகிறது. உண்மையில் அது இரட்டைச் சுவர் வைத்த அலமாரி. கதவுக்கு வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. நடுவே கண்ணாடி இறங்கி ஏற இடைவெளி. கியர் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு அடியிலும் இப்படித்தான். ஸ்க்ரூ, சில்லறை, மூக்குத்தித் திருகு எது விழுந்தாலும் 'கடகட' என்று சத்தம் வரும். பொருள் மட்டும் வராது.

சத்தத்தோடு போனால் பரவாயில்லை. விழுந்தது பட்டன் பாட்டரியாக இருந்து, பக்கத்தில் கைக்குழந்தையும் இருந்தால்?

போன ஆடி மாதம் என் நாத்தனார் மகள் ஒன்றேகால் வயதுப் பிள்ளையோடு வந்திருந்தாள். இவர் காரில் உட்கார்ந்து சாவி ரிமோட்டுக்குப் பாட்டரி மாற்றிக் கொண்டிருந்தார். பழையதைக் கழற்றி கியர் பக்கத்தில் வைத்தார். அடுத்த சீட்டில் அவள், மடியில் குழந்தை. புதியதைப் போட்டுவிட்டுத் திரும்பினால் பழையதைக் காணோம்!

"ஹேண்ட் பிரேக் இடுக்கிலேதான் விழுந்திருக்கும். இரு, எடுத்துடறேன்" என்று இவர் குனிந்தார்.

"அத்தை, வாயிலே ஒண்ணும் இல்லே. ஆனா முழுங்கியிருந்தா?" அவள் குரல் நடுங்கியது.

"நீங்க தேடுங்க. நாங்க ஆட்டோவிலே ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். எங்கள் குழந்தை டாக்டர் ஒருமுறை சொன்னது நல்லவேளையாக நினைவில் இருந்தது.

கார் சாவியில் பெரும்பாலும் இருப்பது 2032 என்று எண் பொறித்த பாட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். இந்த அளவுதான் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடக் கூடும். ரிமோட்டுக்கு உதவாத பழைய பாட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சமிருக்கும். முதலில் குழந்தை சிரித்துக்கொண்டே கூட இருக்கலாம். ஆகவே, சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. பாட்டரி வந்த அட்டையைக் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு உதவும்.

கழுத்திலிருந்து வயிறு வரை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. சற்று நேரத்தில் இவரிடமிருந்து போன், "கிடைச்சுடுச்சு!"

எப்படி எடுத்தார் தெரியுமா? செல்போனில் விளக்கைப் போட்டு, வீடியோ எடுத்தபடி இடுக்கில் நுழைத்துப் பார்த்தாராம். அடியில் பளபளப்பு தெரிந்திருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த காந்தத் துண்டைக் குச்சி நுனியில் கட்டி, சுற்றுத் தகட்டில் ஒட்டாமலிருக்கக் காகிதக் குழலுக்குள் விட்டு இறக்கியிருக்கிறார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

தங்கமும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டா. குச்சி நுனியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி எடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் வாயில் மெல்லிய துணியை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி உறிஞ்சலாம். பொருள் துணியிலேயே நிற்கும்.

கதவுக்குள் விழுந்தால் கண்ணாடியை ஏற்றி இறக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். கதவின் அடியில் மழை நீர் வடியத் துளைகள் உண்டு. குப்பை அவற்றை அடைத்தால் தகடு துருப்பிடிக்கும்.

மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அவை ஏர்பேக்குக்கு உரியவை. மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

காரில் எதையாவது கழற்றுமுன் இடுக்குகளில் பழைய துணியை அடைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை. பாட்டரி மாற்றும் வேலையை மட்டும் குழந்தை தூங்கும் நேரத்தில், வீட்டு மேஜைமேல் தட்டு வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கழற்றியதை இருபுறமும் டேப் ஒட்டி, மூடி போட்ட டப்பாவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.