நீல மலைத்தொடரில் ஒரு வீதி

அவசரம் உள்ளவர்களுக்கு ஏற்ற வீதியன்று இது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கி வட கரோலினாவில் முடியும் 469 மைல் நீளமான 'புளூ ரிட்ஜ் பார்க்வே'யில் மணிக்கு 45 மைல் வேகத்துக்கு மேல் வண்டியைச் செலுத்துதல் கூடாது. சரக்கு லொறிகளுக்கு அனுமதியில்லை. விளம்பரப் பலகை ஒன்றேனும் கண்ணிற் படாது.

அப்பலாச்சிய மலைகளின் முகட்டை ஒட்டியே வீதி வளைந்து செல்கின்றது. ஒருபுறம் மேப்பிளும் ஓக்கும் அடர்ந்த கானகம். மறுபுறம் மடிப்பு மடிப்பாக மலைகள். தொலைவு கூடக்கூட அவற்றின் நீலம் வெளிறி, ஈற்றில் எது மலை, எது வானம் என்று பிரித்தறிய இயலாது போகின்றது. இடையிடையே வரும் புல்வெளிகளின் ஓரத்தில், பிளந்த மரக்கட்டைகளைக் கோணல்மாணலாக அடுக்கிய வேலிகளைக் கண்டோம். செஸ்நட் மரத்தாலான வேலிகள் அவை. ஒருகாலத்தில் இம்மலைகளெங்கும் ஓங்கி நின்ற அம்மரத்தைக் கடந்த நூற்றாண்டின் முற்பாதியிற் பரவிய பூஞ்சண நோயொன்று மாய்த்துவிட்டது. முழு வளர்ச்சியுற்ற செஸ்நட் மரத்தை இன்று காண்பது அரிது. அதன் வேலியையே காணலாம்.

நாடெங்கும் வேலையின்மை வாட்டிய 1935ஆம் ஆண்டில் இவ்வீதியின் வேலை ஆரம்பமாயிற்று. முடிவடைந்ததோ 1987இல்! 'கிரான்ட்பாதர்' மலையின் சரிவைச் சிதைக்காமல், அதனை அணைத்தாற்போல் ஒரு பாலம் அமைக்க வேண்டியிருந்தது. மலைக்கு அவ்வளவு மரியாதை காட்டியவர்கள், மலைவாழ் மக்களுக்கு எவ்வளவு காட்டினார்கள் என்ற கேள்வி 238ஆம் மைற்கல்லருகே எம்முள் எழுந்தது.

அங்கே மரக்குற்றிகளாலான சிறு வீடொன்று நிற்கின்றது. கமமும் சப்பாத்துத் தொழிலும் செய்த மார்ட்டின் பிரினிகர் என்பவர் கட்டியது. அவர் மனைவி கரோலின் அம்மையார் நெசவு செய்வார். கணவர் மறைந்தபின், வீதிக்காக அவர்களது நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. அம்மையார் ஆயுள் முழுவதும் அவ்வீட்டிலேயே வாழலாம் என்று உரிமையும் அளித்தார்கள். ஆனால், புதிய வீதியின் இரைச்சலைப் பொறுக்க மாட்டாமல் அவர் வெளியேறிவிட்டார்.

அவருடைய பழந்தறி இன்றும் வீட்டினுள்ளே இருக்கின்றது. "எவ்வளவு அமைதியான இடம்!" என்றார் உடன்வந்த நண்பர். நான் மறுமொழி கூறவில்லை. திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது, அதன் ஓசை எனக்குச் சற்று உரத்தே கேட்டது.