இருபது மில்லிகிராம்

ஏப்ரல் 18, 2025
தங்கச்சிமடம்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகா. எங்கள் ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது இந்த இரண்டு மாதங்களில்தான். அதுவரை வலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். என் தாய்மாமாவும் போன வருஷத் தடைக்காலத்தில்தான் கன்னத்துப் புண்ணைக் காட்டினார். அதற்குள் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. ஆபரேஷன் ஆயிற்று, பிறகு கரண்டு வைத்தார்கள் (கதிர்வீச்சுச் சிகிச்சையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்). இப்போது அதே பக்கம் கழுத்தில் மறுபடி கட்டி.

ராத்திரி வலை இழுக்கும்போது கண் அசந்துவிடக் கூடாது என்று வெற்றிலை, பாக்கு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் படகில் ஏறும் வயதிலேயே வந்துவிடுகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது. ஆனால் பாக்கு எந்தத் தடையிலும் இல்லை, தாம்பூலத் தட்டில் இருக்கிறது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்று வந்தது என்பது உலக மதிப்பீடு.

இனிமேல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மாத்திரைகளோடு ஒரு ஊசியும் கொஞ்ச அளவில் போட்டுப் பார்க்கலாம், மும்பையில் ஆய்வு செய்து பலன் கண்ட முறை என்றார். அவர் சொன்னதில் "ஆய்வு" மட்டும்தான் மாமா காதில் விழுந்தது. பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டும்போது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "என்னைய வச்சுச் சோதிச்சுப் பாக்கப் போறாகளா தாயி?"

ஏப்ரல் 21

மாத்திரை வந்துவிட்டது. மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப். முதலாவது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறி தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அத்தையிடம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு மட்டும் கொடுக்கச் சொல்லி, மற்ற நாட்களில் அந்த அட்டையை என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

இந்த மெத்தோட்ரெக்சேட் உருவானதில் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் கை இருக்கிறது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழு தந்த மருந்துகளைத்தான் 1940-களின் கடைசியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சுப்பாராவ் 1948-இல் இறந்துபோனார். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக வந்திருக்க வேண்டும்.

பழைய, மலிவான மருந்தைப் புதிய முறையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனை முறையாகச் சோதித்தது. அறுவையோ கதிர்வீச்சோ குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருந்த 422 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிஸ்பிளாட்டின், நரம்பு வழியாக. மறு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் மாத்திரைகள். குறைந்த அளவில் இடைவிடாமல் கொடுத்தால், கட்டிக்குத் தீனி கொண்டுபோகும் புது ரத்தக்குழாய்கள் முளைப்பது தடைபடும் என்பது எண்ணம். 2020-இல் வெளியான முடிவு: சிஸ்பிளாட்டின் பிரிவின் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரைப் பிரிவுக்கு 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவும் மாத்திரைக்காரர்களுக்குக் குறைவு. தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குப் போய்ப் பாட்டில் ஏற்றிக்கொண்டு, வாந்தியோடு பஸ்ஸில் திரும்பும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

மே 4

இன்று அந்த ஊசியைப் பற்றி முழுக்கப் படித்தேன். பெயர் நிவோலுமாப். நம் உடம்பின் டி செல்களுக்குப் புற்றுச் செல்லைக் கொல்லும் திறன் உண்டு. அவற்றின் மேல் இருக்கும் பிடி-1 என்ற புரதம் அவற்றை அடக்கிவைக்கும் பிரேக். புற்று அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பிடி-1-ஐக் கண்டுபிடித்தவர் கியோட்டோவின் தசுகு ஹோஞ்சோ, 2018-இல் ஜேம்ஸ் அலிசனோடு நோபல் பரிசு பெற்றவர். பிரேக்கை விடுவிப்பது நிவோலுமாப்பின் வேலை.

தலை, கழுத்துப் புற்றுக்கு இது பயன்படும் என்று 2016-இல் 361 நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. அதில் கொடுத்தது எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 3 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அறுபது கிலோ மனிதருக்கு ஒரு தடவைக்கு 180 மில்லிகிராம். அதன் விலையைக் கேட்டால் படகையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் போதாது. ஏழை, நடுத்தர நாடுகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குமேல் இந்த வகை மருந்து எட்டுவதில்லை.

டாடாவின் விஜய் பாட்டீல், வனிதா நொரோன்ஹா, குமார் பிரபாஷ் குழு கேட்ட கேள்வி எளியது: அவ்வளவு மருந்து தேவையா? கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கொடுத்தாலும் 10 மில்லிகிராம் கொடுத்தாலும், டி செல்களில் மருந்து பிடித்துக்கொள்ளும் பிடி-1-இன் அளவு ஏறத்தாழ ஒன்றுதான் என்று தொடக்ககாலச் சோதனைகளிலேயே தெரிந்திருந்தது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதும், கொத்தாகக் கொண்டுபோனாலும் திறப்பது ஒன்றுதான். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை, யாராக இருந்தாலும் வெறும் 20 மில்லிகிராம். மாமாவின் அதே மூன்று மாத்திரைகளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். 75 பேருக்கு மாத்திரை மட்டும், 76 பேருக்கு மாத்திரையோடு ஊசியும்.

ஓராண்டு முடிவில் மாத்திரைப் பிரிவில் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். ஊசியும் சேர்ந்த பிரிவில் 43 பேர். இடைநிலை ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக உயர்ந்தது. பக்கவிளைவு கூடவில்லை.

இரண்டாம் முறையும் படித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். பத்து மாதம் கூடுதலாக வாழ்வது குணமடைவது ஆகாது, அது எனக்குத் தெரியும். 20 மில்லிகிராமையும் முழு அளவையும் நேருக்கு நேர் வைத்து இந்த ஆய்வு பார்க்கவில்லை, அதுவும் தெரியும். ஆனாலும் 16-க்கும் 43-க்கும் நடுவில் இருபத்தேழு குடும்பங்கள் இருக்கின்றன. எவ்வளவு குறைத்தால் போதும் என்ற கேள்வியால் மருந்து விற்பவருக்கு எந்த லாபமும் கிடையாது. அதை நாம்தான் கேட்டாக வேண்டும், நம் பணத்தில், நம் ஆஸ்பத்திரிகளில். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1970-களிலேயே, முற்றிய வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசினைச் சேர்த்துச் சோதித்தவர்கள். இந்த வழி நமக்குப் புதிதில்லை.

மே 6

மாமாவிடம் பதில் சொன்னேன். "உங்கள வச்சுச் சோதிக்கல மாமா. உங்களுக்கு முன்னால 151 பேரு அந்தத் தண்ணியில எறங்கி ஆழம் பாத்துட்டாக." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அவுக சம்மதிச்சாகளா?"

சரியான கேள்வி. மருந்து ஆய்வு ஒவ்வொன்றையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது. இவ்வளவையும் மாமாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்ப மரியாதையாத்தான் நடத்தியிருக்காக" என்றார்.

மே 27
மதுரை

முதல் ஊசி. இந்த மருந்து 40 மில்லிகிராம் குப்பியில் வருகிறது. திறந்தால் நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது. இரண்டு பேர் ஒரே நாளில் வந்தால்தான் பாதிப்பாதி. பரமக்குடிப் பக்கத்து நெசவாளி ஒருவர், நாக்கில் புற்று, மாமாவுக்குப் பங்காளி ஆனார். அவருக்குப் பேச வராது, மாமாவுக்கு வாய் திறக்காது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டால் மற்றவரின் மருந்தும் கேள்விக்குறிதான். புதுப் பாம்பன் பாலம் ஏப்ரல் 6-இல் திறந்து ரயில் மறுபடி ஓடுவது பெரிய ஆறுதல். 2022 டிசம்பரிலிருந்து எங்கள் தீவுக்கு ரயிலே இல்லாமல் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஜூன் 13

அமெரிக்காவில் நேற்று, நிவோலுமாப் வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாப்புக்குத் தலை, கழுத்துப் புற்றில் புது அனுமதி. அறுவை செய்யக்கூடிய கட்டத்திலேயே, கத்தி வைப்பதற்கு முன்பும் பின்பும் கொடுக்கலாம் என்று. 714 பேரிடம் நடந்த ஆய்வு அது. நல்ல செய்தி, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம். இதையும் குறைத்துப் பார்க்கும் ஆய்வு இங்கே நடந்தாக வேண்டும்.

ஜூன் 16

படகுகள் போய்விட்டன. மாமாவின் கழுத்துக் கட்டி கொஞ்சம் இளகியிருக்கிறது, கஞ்சி இறங்குகிறது. அடுத்த ஸ்கேன் பார்க்காமல் இதற்குமேல் ஒன்றும் சொல்லக் கூடாது.

இதைப் படிக்கும் அதிகாரிகளிடமும் மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் மும்பையிலும் நடக்கும் குறைந்த அளவு மருந்து ஆய்வுகளுக்கு அதைக் கிளை மையமாக்குங்கள். ஒப்புதல் படிவத்தைக் கடற்கரைக்காரருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். குப்பியைப் பகிர்ந்துகொள்ளும் நோயாளிகளை ஒரே நாளில் வரவழைக்கும் பொறுப்பை ஆஸ்பத்திரியே ஏற்கட்டும். படகில் போகிற தம்பிகளே, வாயில் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் அடுத்த தடைக்காலம்வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.