கிடார் இல்லாத பங்க் பேண்ட்!

ஆறு பொண்ணுங்க. கையில கிடார் இல்ல, முன்னாடி டிரம்ஸ் இல்ல. ஆனா, குழுவுக்கு இருந்த பட்டம் 'இசைக்கருவி இல்லாத பங்க் பேண்ட்'! மாவே இல்லாத தோசை மாதிரி இருக்குல்ல? ஜப்பானின் 'பிஷ்' குழுவைத்தான் சொல்றேன் பாஸ். 2015-ல் ஆரம்பிச்சு, 2023 ஜூன் 29 அன்னிக்கு டோக்கியோ டோம்ல கடைசிக் கச்சேரி நடத்திட்டு, கடையைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. பாட்டு மட்டும் என் காதைவிட்டுப் போவேனாங்குது.

பிஷ்ஷோட விரிவாக்கம், 'பிராண்ட் நியூ ஐடல் ஷிட்'. இதைத் தமிழ்ப்படுத்தினா எடிட்டர் சார் சிவப்புப் பேனாவைத் தூக்கிடுவார். ஸோ, அப்படியே விட்டுடுவோம்.

ஜப்பானில் 'ஐடல்'ங்கிறது ஒரு தனி உலகம். சின்ன வயசுப் பொண்ணுங்களை ஆடிஷன் வெச்சு எடுத்து, ஆடவும் பாடவும் பழக்கி, மேடையேத்துவாங்க. இனிமையாச் சிரிக்கணும், ரசிகர்களுக்குக் கை குலுக்கணும், காதல் கீதல்னு மூச்சு விடக் கூடாது. அந்த உலகத்துக்குள்ளயே உட்கார்ந்துகிட்டு அதைக் கலாய்ச்சவர் ஜுன்னோசுகே வதானபேங்கிற தயாரிப்பாளர். 'பிஸ்'னு ஒரு குழுவை நடத்தி, அது 2014-ல் கலைஞ்சதும், அடுத்து இவர் ஆரம்பிச்சதுதான் பிஷ். ஆளுங்களோட மேடைப் பேரைக் கேளுங்க... அய்னா தி எண்ட், சென்ட் சிஹிரோ சிட்டி, மோமோகோ குமி கம்பெனி (ஆள் பேரா, ஜவுளிக் கம்பெனியா?), ஹஷியாசுமே அட்சுகோ, லிங்லிங். 2016-ல் ஆயுனி டி வந்து சேர்ந்ததும் ஆறு பேர். கடைசி வரைக்கும் அதே ஆறு பேர்தான்.

'கம்பெனி வெச்சு, ஆடிஷன் நடத்தி, டான்ஸ் ஆடுற குரூப் எப்படி மச்சி பங்க் ஆகும்?'னு ராக் ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. நியாயமான கேள்விதான். ஆனா, பங்க்னதும் எல்லாரும் கும்பிடுற 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' மட்டும் வானத்துலேர்ந்தா குதிச்சாங்க? லண்டன்ல துணிக்கடை நடத்திக்கிட்டிருந்த மால்கம் மெக்லாரன் மேனேஜரா இருந்து உருட்டி எடுத்த பேண்ட் அது! ஒரு குரூப்பை யார் சேர்த்தாங்கங்கிறது எனக்கு முக்கியமே இல்ல. வாயைத் திறந்தா என்ன வருதுங்கிறதுதான் விஷயம்.

வர்றது அய்னாவோட குரல். கரகரன்னு, ஓரம் கிழிஞ்ச மாதிரி ஒரு குரல். 2016-ல் வந்த 'ஆர்கெஸ்ட்ரா' பாட்டைக் கேளுங்க. வயலின் கூட்டம் ஒரு பக்கம், டிஸ்டார்ஷன் கிடார் ஒரு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல அந்தக் குரல் மேலே ஏறும்போது, 'ஐயோ, உடைஞ்சுடப்போகுது'ன்னு நமக்குப் பதறும். உடையாது. இல்ல... உடையும்தான், ஆனா அழகா உடையும். நான் படிக்கிறது இ.சி.இ. 'நாய்ஸை வடிகட்டு, சிக்னலை எடு'ன்னு மூணு வருஷமா மண்டையில ஏத்துறாங்க. இங்கே நாய்ஸ்தான் சிக்னலே! ஸ்கூல் பாட்டுப் போட்டிக்கு, 'உன் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கும்மா'ன்னு என்னைக் கடைசி வரிசையில நிறுத்தினாங்க. அதனாலயோ என்னவோ, ஜப்பான் மொழி ஒரு வார்த்தை தெரியாட்டியும் அந்தக் குரல் நேரா எங்கிட்டப் பேசுது.

அந்தக் குரலும் ஒரு தடவை கிட்டத்தட்ட மாட்டிக்கிச்சு. 2016 கடைசியில, குரல்நாண்ல வந்த முடிச்சுக்காக அய்னாவுக்கு ஆபரேஷன். பாடுற பொண்ணுக்கு இதைவிடப் பயம் வேறென்ன இருக்கு? 2017 மார்ச்ல வந்த 'பிராமிஸ் தி ஸ்டார்' அதுக்கப்புறம் வந்த சிங்கிள். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தப் பாட்டைக் கேட்டா, கொஞ்சம் தொண்டை அடைக்கும். நமக்குங்க!

அய்னா மட்டும் இல்ல. அதிகம் பேசாத பொண்ணுன்னு பேரெடுத்த லிங்லிங், பாட்டுக்கு நடுவுல போடுற கத்தல் இருக்கே... செம! பெரும்பாலான மெட்டு மட்சுகுமா கென்டா போட்டதுதான். ஆனா நிறையப் பாட்டு வரிகளை இவங்களே எழுதினாங்க, டான்ஸை அய்னாவே அமைச்சாங்க. 'டெட்மேன்' ரெண்டு நிமிஷம்கூட ஓடாது. ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். அனிமே பிரியர்களுக்கு ஒரு க்ளூ... 'பிளாக் க்ளோவர்' தொடர்ல 2018-ல் வந்த ரெண்டாவது ஓப்பனிங் 'பெயின்ட் இட் பிளாக்' இவங்க பாட்டுதான்.

2020-ல் கொரோனா வந்து சின்னச் சின்ன இசை அரங்குகள் எல்லாம் வாடகை கட்ட முடியாமத் தவிச்சப்போ, 'ஃபார் லைவ்'னு ஒரு தொகுப்பு ஆல்பம் போட்டு, அந்த வருமானத்தை ஜப்பான் முழுக்க அந்த அரங்குகளுக்கே கொடுத்தாங்க. பங்க்னா கத்துறது மட்டும்தானான்னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

2021 டிசம்பர் 24-ல், '2023-ல் கலையப்போறோம்'னு அறிவிச்சாங்க. சரியா ஒரு வாரத்துல, டிசம்பர் 31 ராத்திரி, ஜப்பானே டி.வி. முன்னாடி உட்கார்ற 'கோஹாகு' நிகழ்ச்சியில பாடினாங்க. அதுதான் அங்கே முதலும் கடைசியும். உச்சத்துல இருக்கும்போதே கிளம்பினது கெத்துதான். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி, 2022-ல் மாசத்துக்கு ஒண்ணுன்னு 12 சிங்கிள் விட்டதை என்னால ஏத்துக்க முடியல. பாதிப் பாட்டு மனசுல ஒட்டவே இல்ல. அது கம்பெனி வேலை!

இப்போ தனித்தனியா இறங்கிட்டாங்க. 2023-ல் ஷுன்ஜி இவாய் இயக்கின 'கிரியே நோ உட்டா' படத்துல அய்னாதான் நாயகி. 2025-ல் 'டண்டடான்' ரெண்டாவது சீசன் ஓப்பனிங்கும் அவங்க குரல்தான். ஆயுனி டி, பிஷ்ல இருக்கும்போதே, 2018-லயே, 'பெட்ரோ'ங்கிற பேரில் தனி பேண்ட் ஆரம்பிச்சுட்டாங்க. 'இசைக்கருவி இல்லாத' குழுவுல வந்த பொண்ணு, அங்கே பாஸ் கிடாரோட நிக்குது!

முதல்ல 'ஆர்கெஸ்ட்ரா', அப்புறம் 'பிராமிஸ் தி ஸ்டார்', கடைசியா 'டெட்மேன்'. இந்த ஆர்டர்ல கேளுங்க. ஹெட்போன் கட்டாயம்... ஹாஸ்டல் வார்டன் வந்து கதவைத் தட்டினா நான் பொறுப்பில்ல!