முள்ளை முள்ளால்

போன தை மாதம் என் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தாள். நான் கண்ணாடி முன் நின்று தலை வாரிக் கொண்டிருந்தபோது, "மன்னி, கழுத்திலே என்ன அது, நெல்லிக்காய் மாதிரி?" என்று கேட்டாள்.

தொட்டுப் பார்த்தேன். வலியில்லை. தண்ணீர் குடித்தால் அதுவும் மேலே ஏறி இறங்கிற்று. வலிக்காத கட்டிக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா? நான் போகவில்லை, அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். நாத்தனார்களைப் பற்றி உலகம் என்னவெல்லாமோ சொல்கிறது. உலகம் என் நாத்தனாரைப் பார்த்ததில்லை!

ஸ்கான் எடுத்தார்கள். மெல்லிய ஊசியால் துளி எடுத்துச் சோதித்தார்கள். "தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. உங்களுடையது புற்றுதான். ஆனால் புற்றுகளுக்குள் இது குணப்படுத்தக்கூடிய ஜாதி" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஏன் வந்தது?"

"ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சுமார் 3 மடங்கு அதிகம். சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சுப் பட்டவர்களுக்கும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை."

எதிர் வீட்டு மாமி, கடையில் வாங்கும் அயோடின் உப்பின் மேல் பழி போட்டாள். இன்னொரு மாமி என் பூர்வ ஜன்மத்தின் மேல் போட்டாள். டாக்டரம்மா இரண்டையும் தள்ளிவிட்டார்.

ஆபரேஷன் ஆயிற்று. சில நாள் குரல் கம்மிக் கிடந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பக்கத்திலுள்ள 4 குட்டிச் சுரப்பிகள் சோர்ந்து போனால் ரத்தத்தில் கால்சியம் குறையுமாம்; மாத்திரை கொடுத்தார்கள்.

பிறகுதான் இடி விழுந்தது. "எல்லோருக்கும் தேவைப்படாது. உங்களுக்குக் கழுத்து நெறிகளிலும் பரவியிருப்பதால் கதிரியக்க அயோடின் 131 கொடுக்க வேண்டும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் பறந்தது அந்த அயோடின்தானே? புல்லில் படிந்து, பசுவின் மடியில் இறங்கி, பாலாகிக் குழந்தைகளின் வயிற்றுக்குப் போயிற்று. அப்போது சிறுவர் சிறுமியராயிருந்தவர்களில் 6,000 பேருக்கு மேல் 2005-க்குள் தைராய்டுப் புற்று கண்டார்கள். அதில் கணிசமான பங்கு அந்தப் பாலின் வினை. உடம்புக்கு நல்லதென்று எத்தனை தாய்மார்கள் தம் கையாலேயே தம்ளரை நீட்டியிருப்பார்கள்!

"அதையா எனக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்றேன்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "வளரும் குழந்தையின் சுரப்பியில் கதிர் பட்டபோது பல செல்கள் சாகாமல் பழுதாகிப் பிழைத்துக்கொண்டன. அந்தப் பழுதுதான் பின்னால் புற்றாயிற்று. உங்களுக்குச் சுரப்பியையே எடுத்தாயிற்று. மிச்சமுள்ள செல்கள் அயோடினைக் கண்டால் ஆசையாக விழுங்கும். நாங்கள் கொடுக்கும் அளவில் அவை பழுதாவதில்லை, செத்தே போகும். மீதியில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். 8 நாளுக்கு ஒரு முறை அதன் வீரியமும் பாதியாகும்" என்றார்.

முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான் போலும்.

அதற்கு முன் 2 வாரம் அயோடின் சேராத பத்தியம். மீனும் முட்டையும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறியதில்லை, அதனால் கஷ்டமில்லை. பாலும் கூடாது என்றபோதுதான் காப்பியை நினைத்து அழுகை வந்தது.

மருந்து சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் தனி அறையில் இருந்தேன். வீட்டுக்கு வந்த பின்னும் சில நாள் குழந்தைகளை நெருங்கக் கூடாது. 3 வயதுப் பேத்தி கதவுக்கு வெளியே நின்று, "பாட்டி, என்னோட கோபமா?" என்றாள். ஆபரேஷனுக்கு அழாதவள் அப்போது அழுதேன்.

"இல்லேடி கண்ணு. பாட்டி உடம்புக்குள்ளே ஒரு விளக்கு எரியறது. அணைஞ்சதும் வந்து உன்னைத் தூக்கிக்கறேன்."

அணைந்தது. தூக்கிக்கொண்டேன்.

இப்போது தினம் விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை; 1 மணி நேரம் கழித்துத்தான் காப்பி. ஆயுள் முழுதும் இப்படித்தான். பேத்திதான் தண்ணீர் கொண்டு வருகிறாள். நான் அதை விழுங்கும்போது என் கழுத்தையே உற்றுப் பார்க்கிறாள். அவள் அத்தைப் பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம்!