நாமும் நாங்களும்

அயல்தேசத்தில் குழந்தை குட்டிகளுடன் குடித்தனம் செய்கிறவர்களைப் பற்றிச் செஞ்சியில் இரண்டு வித அபிப்பிராயங்கள் உண்டு. "அவர்களுக்கு என்ன, ராஜபோகம்!" என்பது ஒன்று. "பாவம், குழந்தைக்கு ஜுரம் வந்தால் ஒரு கஷாயம் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது" என்பது மற்றொன்று. பாரிஸ் நகரத்தில் ஒன்பது வருஷமாக வசித்து, ஏழு வயதுப் பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் அங்கேயே வளர்த்து வரும் எங்களைக் கேட்டால், இரண்டும் சரியல்ல என்றே சொல்லுவோம். அங்கே எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் சின்னஞ் சிறு சந்தோஷங்கள். அவற்றில் முக்கால்வாசியைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் குழந்தைகளே.

ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முழ நீளத்துக்கு மேல் இருக்கும் 'பகெத்' ரொட்டியைக் கடையில் சுடச்சுட வாங்கிக் குழந்தை கையில் கொடுத்தால், அதன் நுனி வீடு வந்து சேருவதில்லை. வழியிலேயே மாயமாய் மறைந்துவிடும். முதலில் நாங்கள் கண்டித்துப் பார்த்தோம். பிறகு கவனித்ததில், அந்த ஊரில் பெரிய மனிதர்களுடைய ரொட்டிக்கும் நுனி இல்லை என்று தெரிந்தது! அன்று முதல் ஒரு நுனி குழந்தைகளுக்கு, மற்றொரு நுனி எங்களுக்கு என்று சமாதான உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது.

அயலூரில் மனிதர்களுடன் பழக்கம் செய்துகொள்வது பெரும் பிரயாசை. நாங்கள் இருவர் மட்டும் இருந்த காலத்தில், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிய அண்டை வீட்டார் "போன்ழூர்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை. பெண் பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. குழந்தைக்குப் பல் முளைத்ததா, நடக்கிறதா என்று கேட்பதற்காகவே கிழவிகள் படியில் காத்திருந்தார்கள். மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் தாய் தகப்பன்மார் ரொட்டியும் சாக்லேட்டுமாகக் காத்து நிற்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் பிரெஞ்சு பாஷை அடைந்த அபிவிருத்தி, இலக்கணப் புத்தகங்களால் ஏற்பட்டதல்ல.

தமிழுக்கும் அங்கே பஞ்சமில்லை. லா ஷாப்பெல் பக்கம் போனால் இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய் முதல் கறிவேப்பிலை வரை கிடைக்கும். மாணிக்க விநாயகர் ஆலயத்துத் தேர் புறப்படும் நாளில் பாரிஸ் வீதியிலே தேங்காய்களைக் குவியல் குவியலாய்ச் சிதற விடுவார்கள். அதைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் வியப்படைய, எங்கள் பையனோ சில்லுப் பொறுக்கக் கிளம்பிவிடுவான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2025-ஆம் வருஷம் ஜூலை 11-ந் தேதி பாரிஸில் கூடியிருந்த யுனெஸ்கோ சபையார், சத்ரபதி சிவாஜியின் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் உள்ள ஒன்று எங்கள் செஞ்சி! செய்தியைக் கேட்டு நாங்கள் துள்ளிக் குதித்தபோது, பெண் சாவதானமாக, "ரொட்டிக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்களே!" என்றாள். வாஸ்தவந்தான். 2022-ல் அதே யுனெஸ்கோ பகெத் ரொட்டி செய்யும் கலையை வேறொரு ஜாபிதாவில் சேர்த்திருந்தது. ரொட்டியும் கோட்டையும் வெவ்வேறு என்று அவளுக்கு விளக்குவதற்காகவே, விடுமுறை வந்ததும் செஞ்சிக்குப் பிரயாணமானோம்.

ராஜகிரியின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான் பையன். "லிப்ட் எங்கே?" என்றான். ஐபல் கோபுரத்தில் ஏறினவன் அல்லவா? இங்கே சுமார் 800 அடி உயரத்தையும் காலால்தான் அளக்கவேண்டும் என்று அறிந்ததும், அப்பா தோளே லிப்ட் என்று தீர்மானித்துவிட்டான். வழியெல்லாம் குரங்குகள். உச்சிக்குச் சமீபத்தில் மலை பிளந்து நிற்க, பாலத்தைத் தாண்டியல்லவா அப்பால் போகவேண்டியிருக்கிறது? கீழே கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் பொம்மை வீடுகள்போல் தெரிந்தன.

அங்கே உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னோம். சிவாஜி 1677-ல் பிடித்த இந்தக் கோட்டைக்கு, 1689-ல் அவருடைய இளைய மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி வந்து சேர்ந்தார். ஏறக்குறைய எட்டு வருஷம் மராட்டிய ராஜ்யத்துக்கே செஞ்சிதான் தலைநகரம். மொகலாயச் சைன்யம் சுற்றி வளைத்திருந்த காலத்திலேயே, 1696-ல், ராணி தாராபாய்க்கு இங்கே ஒரு பிள்ளை பிறந்தது. பாட்டனார் பெயரையே வைத்தார்கள். 1700-ல் தந்தை காலமானதும் நாலு வயதில் அப்பிள்ளைக்குப் பட்டம் கட்டினார்கள். சரித்திரக்காரர்கள் பீரங்கிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை மராட்டியில் அழுததா, தமிழில் சிரித்ததா என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் முற்றுகைக்கு உள்ளேயும் ஒரு தாய் தன் மகனுக்கு நிலாக் காட்டித்தான் இருப்பாள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. செஞ்சி அவர்களுக்கு அயல்தேசம். அவனுக்கோ பிறந்த ஊர்.

இதைச் சொன்னபோது எங்கள் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. பாரிஸ் எங்களுக்கு அயல்தேசம். குழந்தைகளுக்கு? அவர்களுக்குச் செஞ்சி, விடுமுறைக்கு வந்து போகும் இடம் மட்டுமா?

விடை இரண்டு நாளைக்குள் வந்துவிட்டது. ஆடி மாதம். தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பெண் இரண்டு குவளை குடித்துவிட்டு ஆயாவின் மடியில் சாய்ந்துகொண்டு, "ஆயா, நாம் எப்போது வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டாள். வீடு என்று அவள் சொன்னது பாரிஸைத்தான். எங்களுக்குச் சுருக்கென்றது. அந்தக் கூச்சத்தை மறைக்க, இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டோம். "ஆயா நம்முடன் வரவில்லையே, அம்மா! 'நாங்கள் எப்போது போவோம்' என்று கேட்க வேண்டும்" என்றோம். பிரெஞ்சில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் வேற்றுமை கிடையாது. ஆகையால் இந்த இடத்தில் அவள் இடறுவது வழக்கம்.

ஆயா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "ஏம்ப்பா கொழந்தையைத் திருத்தறீங்க? என்னையும் சேத்துத்தானே சொல்லுது!" என்று சொல்லிப் பேத்தியின் வாயில் ஒட்டியிருந்த கூழை முந்தானையால் துடைத்தாள்.

நாங்கள் அதற்குமேல் இலக்கணம் பேசவில்லை.